வேஷமும் வியாதியும்

வைத்தியன் கையிலுள்ள கத்தி நோயை அறுக்கும். அதே கத்தி கடைத்தெருவில் கண்டவர் கைக்கெல்லாம் வந்துவிட்டால் ஆளை அறுக்கும். வைத்திய சாஸ்திரத்தின் சொற்களும் இத்தன்மையனவே. அவை பிறந்த இடத்தில், அவற்றுக்குரிய இலக்கணத்தோடு, அறிந்தவர் வாயில் வழங்கும் வரை பயன் தருகின்றன. வீதிக்கு வந்து, இலக்கணத்தை உதிர்த்துவிட்டு, பெயர் மட்டும் மிஞ்சும்போது வசைச் சொற்களாகிவிடுகின்றன. மனோவைத்தியத் துறையிலிருந்து அவ்வாறு வீதிக்கு வந்த சொற்களில் ‘டிரான்ஸ்வெஸ்டிஸம்’ என்பது ஒன்று. இச்சொல்லின் உண்மைப் பொருள் யாது, அது எவ்வாறு வழங்கி வந்திருக்கிறது, இன்று எவ்வாறு வழங்கத் தக்கது என்பவற்றை நம் ஜனங்கள் அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் வாழ்வோருக்கு அந்த அவசியம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

லத்தீன் மொழியில் ‘டிரான்ஸ்’ என்பது கடத்தலையும், ‘வெஸ்டிஸ்’ என்பது ஆடையையும் குறிப்பன. ஆடையின் எல்லையைக் கடத்தல், அதாவது ஓர் ஆண் பெண்ணுக்குரிய உடையையோ, ஒரு பெண் ஆணுக்குரிய உடையையோ அணிதல் என்பது சொல்லின் நேர்ப்பொருள். வைத்தியர்கள் இதைப் ‘பாராபிலியா’ என்னும் பெரிய தொகுதிக்குள் ஒன்றாக வைத்தார்கள். வழக்கமான இச்சைக்கு அயலான ஒன்றில் இடைவிடாது மனம் செல்வதே பாராபிலியா. அதைத் தமிழில் ‘பால்விருப்பப் பிறழ்வு’ எனலாம். ஆனால், இந்தத் தொகுதிக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பதில்தான் நூறாண்டுக்கு மேலாக வாதம் நடந்து வருகிறது. அந்த வாதம் பெர்லினிலும் வியன்னாவிலும் நடந்த வெறும் ஏட்டுச் சண்டையன்று. மகனையோ தம்பியையோ ‘நோயாளி’ என்று வைத்தியசாலைக்கு இழுத்துச் செல்லலாமா, போலீஸ்காரர் ஒருவரைத் தெருவில் மறிக்கலாமா, ஒருவருக்குக் கல்லூரியில் இடமும் கோயிலில் மணமும் கிடைக்குமா என்பன யாவும் அதன் முடிவைப் பொறுத்தவை.

குலசேகரப்பட்டினத்துத் தசரா

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை நோக்கி நிற்கும் குலசேகரப்பட்டினத்தை நம் நாட்டார் பல காரணங்களால் அறிவர். 1942-ஆம் வருஷத்து லோன் துரை கொலை வழக்கினால் சுதந்திரப் போராட்ட சரித்திரத்தில் இடம் பெற்ற ஊர் அது. 2024-ஆம் வருஷத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப் பெற்றதும் அங்கேதான். எனினும் தென்பாண்டிச் சீமையின் சாமானிய ஜனங்களுக்கு அந்த ஊர் முத்தாரம்மன் கோயில் தசராவினாலேயே பெயர் பெற்றது. மைசூருக்கு அடுத்தபடி தசராவுக்குக் குலசை என்பது இங்கே வழக்காகிவிட்ட பேச்சு.

அந்த உற்சவத்தின் உயிர் வேஷம். விரதமிருந்து, காப்புக் கட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான பக்தர்கள் வேஷம் தரிக்கிறார்கள். குறவன் குறத்தி, ராஜா, போலீஸ்காரர், குரங்கு, பிச்சைக்காரர் என்று வேஷங்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றிலும் தலையாயது காளி வேஷம். மீசை வைத்த ஆண்மக்கள் சேலை உடுத்தி, சடை தரித்து, வளையல் பூண்டு, கிரீடம் சூடி, ஊர் ஊராகத் தசராக் குழுவோடு சென்று காணிக்கை திரட்டி, அதை அம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் நடந்தேறுகிறது. நோய் தீர வேண்டும், குழந்தை பிறக்க வேண்டும், கடன் அடைய வேண்டும் என்ற நேர்த்தியே இவர்களைச் சேலை உடுக்கச் செய்கிறது. பார்க்கிற பெண்களும் பிள்ளைகளும் கைகூப்புகிறார்களே யன்றி, கைகொட்டிச் சிரிப்பதில்லை.

இந்தக் கூட்டத்தின் நடுவே மேல்நாட்டுப் பழைய வைத்தியப் புஸ்தகம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றால் என்ன ஆகும்? ‘மறுபால் உடை அணிதல் பிறழ்வு’ என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்குவாராயின், கடற்கரை முழுவதும் நோயாளிகளே என்று அவர் எழுத வேண்டி வரும். முடிவு நகைப்புக்கிடமானது என்பது வெளிப்படை. ஆனால் நகைத்துவிட்டுப் போய்விடுவதற்கில்லை. காளி வேஷக்காரருக்கு அந்த வரியைப் பொருத்துவது தவறென்று உடனே காணும் நாம், தசரா முடிந்த மறுமாதம் அதே தெருவில் சேலையுடுத்தி நடக்கும் ஒரு திருநங்கைக்கு அதை எவ்வித யோசனையுமின்றிப் பொருத்திவிடுகிறோம். சேலை ஒன்றே, தெருவும் ஒன்றே. ஒருவரைத் தொழுகிறோம், மற்றவரைத் துரத்துகிறோம்.

இந்த மாவட்டத்தின் கலை சரித்திரமும் இதற்குச் சாட்சி கூறும். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் வருஷம் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத்தின் தந்தை என்று போற்றப்படும் அவர் வளர்த்த பாலர் சபைகளில் சீதையும் வள்ளியும் தமயந்தியும் பெரும்பாலும் சிறுவர்களே. ‘ஸ்திரீபார்ட்’ என்பது அன்று கௌரவமான உத்தியோகம். அவரிடம் பயின்ற டி. கே. ஷண்முகம் 1942-இல் ஔவையாராக மேடை ஏறி, அந்தக் கிழவியின் பெயரையே தம் பெயரோடு ஒட்டிக்கொண்டு ‘அவ்வை ஷண்முகம்’ ஆனார். மராட்டியத்தில் பால கந்தர்வர் மேடையில் உடுத்திய சேலையின் பாணியைக் குலஸ்திரீகள் பின்பற்றினார்கள். தாம்பிரவருணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியின் நம்மாழ்வார், நாயகி பாவத்தில் பராங்குச நாயகியாக நின்று பாடியதை வைஷ்ணவ உலகம் பக்தியின் சிகரமாகக் கொண்டாடுகிறது. இவற்றிலெல்லாம் வியாதியைத் தேடுபவன் மடமையைத்தான் வெளிப்படுத்திக்கொள்வான்.

சொல் பிறந்த கதை

ஆஸ்திரிய மனோவைத்தியரான கிராப்ட்-எபிங் 1886-ஆம் வருஷத்தில் ‘சைக்கோபதியா செக்ஷுவாலிஸ்’ என்ற நூலை வெளியிட்டார். ‘ஸேடிஸம்’, ‘மாஸோக்கிஸம்’ என்ற சொற்களை உலகறியச் செய்தது அந்நூலே. சாமானியர் படித்துக் கெட்டுவிடலாகாது என்று சில பகுதிகளை லத்தீனில் எழுதி வைத்தார். அவர் முன் வந்தவர்கள் யார்? நீதிமன்றத்தினின்றும் பைத்தியக்கார விடுதியினின்றும் வந்தவர்களே மிகுதி. சிறைச்சாலையின் வாசலில் நின்றுகொண்டு ஊரைக் கணக்கெடுத்தால், ஊர் முழுவதும் குற்றவாளியாகத் தோன்றுவதில் வியப்பென்ன? அந்தக் கணக்கின் நிழல் பின் வந்த வைத்திய நூல்களில் நெடுங்காலம் படிந்து கிடந்தது.

‘டிரான்ஸ்வெஸ்டிஸம்’ என்ற சொல்லோ வேறு நோக்கத்தோடு பிறந்தது. பெர்லினில் வைத்தியராயிருந்த மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் 1910-ஆம் வருஷம் ‘டிரான்ஸ்வெஸ்டைட்டுகள்’ என்ற நூலில் அதைப் படைத்தார். மறுபால் உடையை விரும்பி அணிவோர் அனைவரையும் ஒரே குற்றப்பெயரால் அழைப்பது தவறென்றும், இவர்கள் தனி வகையினர் என்றும் எடுத்துக்காட்டுவதே அவர் கருத்து. இவர்கள் வீதியில் நடந்தால் போலீஸார் பிடிக்காதிருக்கும்படி வைத்தியச் சான்றின்மேல் அனுமதிச் சீட்டு வழங்கவும் அவர் ஏற்பாடு செய்தார். ஆகவே அச்சொல் பிறக்கும்போது ஒரு கேடயமாகப் பிறந்தது. 1919-இல் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தை 1933 மே மாதத்தில் நாஜிகள் சூறையாடி, நூல்களை நெருப்பிலிட்டார்கள். 1931-இல் நம் நாட்டுக்கும் வந்து சென்ற அந்த அறிஞர், தாய்நாடு திரும்ப முடியாமல் 1935-இல் பிரான்ஸில் உயிர் நீத்தார்.

அவர் காலத்திலேயே ஆங்கில அறிஞர் ஹாவ்லக் எல்லிஸ் இச்சொல்லை ஆட்சேபித்தார். மனத்தின் ஆழத்திலுள்ள ஒன்றை வெறும் துணியாகக் குறுக்கிவிடுகிறதென்பது அவருடைய குறை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆணுடையிலும் பெண்ணுடையிலும் வாழ்ந்த பிரெஞ்சு ராஜதந்திரி டியோன் என்பவரின் பெயரால் ‘இயோனிஸம்’ என்ற வேறு சொல்லை அவர் வழங்கினார். அச்சொல் நிலைக்கவில்லை, ஆட்சேபம் நிலைத்தது. உடையைப் பார்த்துப் பெயரிட்டால், உடுத்தவனுடைய உள்ளம் பெயருக்கு வெளியே நின்றுவிடும் என்ற உண்மையை அவர் கண்டிருந்தார்.

நம் நாட்டில் இதற்கும் முன்னரே ஆங்கில சர்க்கார் உடையைக் குற்றமாக்கியிருந்தது. 1871-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, வட இந்திய மாகாணங்களில் ‘அலிகள்’ என்று பதிவு செய்யப்பட்டவர்கள் பெண்ணைப் போல் உடுத்தியோ ஆபரணம் பூண்டோ பொது வீதியில் தோன்றினால், வாரண்டின்றிப் பிடித்து இரண்டு வருஷம் வரை சிறையிலிடலாம் என்று விதித்தது. கோயிலிலும் கூத்திலும் இடம் பெற்றிருந்த ஒரு வழக்கத்தை லண்டன் ஒழுக்கத்தின் துலாக்கோலில் நிறுத்தி, குற்றமென்று முத்திரை குத்தியது அந்நிய ஆட்சி. ஆட்சி போயிற்று, அந்த முத்திரை மட்டும் நம் மனத்தினின்று இன்னும் அழிந்தபாடில்லை.

பட்டியலில் ஏறியதும் இறங்கியதும்

அமெரிக்க மனோவைத்திய சங்கம் 1952-இல் வெளியிட்ட முதல் நோய்ப் பட்டியலிலேயே டிரான்ஸ்வெஸ்டிஸம் ‘பாலியல் பிறழ்ச்சி’களுள் ஒன்றாக இடம் பெற்றது. கேடயமாகப் பிறந்த சொல் சவுக்காக மாறியது இவ்வாறே. தன்பாலீர்ப்பும் அதே பட்டியலில் இருந்தது. 1973-இல் அமெரிக்க சங்கமும், 1990-இல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதை நீக்கின. உடை பற்றிய சொல் அவ்வளவு விரைவில் இறங்கவில்லை.

2013-ஆம் வருஷத்து அமெரிக்கப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பு ஒரு முக்கியமான வேறுபாட்டைச் செய்தது. விருப்பம் வேறு, வியாதி வேறு என்பதே அது. ஒருவருக்கு அசாதாரணமான விருப்பம் இருப்பது மாத்திரம் வியாதியன்று. அவ்விருப்பத்தினால் அவரே கடுமையான மனவேதனை அடைந்தாலோ, அவருடைய வாழ்க்கையும் தொழிலும் குலைந்தாலோ, அல்லது சம்மதமில்லாத பிறருக்குத் தீங்கு நேர்ந்தாலோதான் வியாதி என்ற பெயர் பொருந்தும். அந்நூலின்படி, மறுபால் உடை அணிவதனால் பாலுணர்ச்சி தீவிரமாகக் கிளர்தல், அது குறைந்தது ஆறு மாதம் நீடித்தல், அதனால் வேதனையோ வாழ்க்கைக் குலைவோ உண்டாதல் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி ஒரு வைத்தியர் அந்தப் பெயரை எழுதுவதற்கில்லை. சேலையைக் கண்ட மாத்திரத்தில் எழுதிவிடலாம் என்று அந்நூல் எங்கும் சொல்லவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் பத்தாம் பட்டியலில் எப் 65.1 என்ற இலக்கத்தின் கீழ் இது இருந்தது. ஸ்வீடன் 2009-லும், நார்வே 2010-லும் தங்கள் நாட்டு வழக்கிலிருந்து அதை நீக்கின. 2019 மே மாதத்தில் உலக சுகாதார சபை ஏற்று, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த பதினோராம் பட்டியலில் அந்த இலக்கமே இல்லை. பிறருக்குத் தீங்கில்லாத, தனக்கும் வேதனையில்லாத ஒரு செயலை நோயென்று பதிந்து வைப்பதால் பொது சுகாதாரத்துக்கு எவ்விதப் பயனுமில்லை, அவமானமே மிஞ்சுகிறது என்பது காரணம். பாலின அடையாளத்தைப் பற்றிய பகுதியும் மனநோய் அத்தியாயத்தினின்று எடுக்கப்பட்டு, பாலியல் சுகாதாரம் என்ற வேறு அத்தியாயத்தில் வைக்கப்பட்டது. ஆனால் பிறர் அந்தரங்கத்தை ஒளிந்து பார்த்தல், சம்மதமின்றித் தன்னை வெளிக்காட்டல், கூட்டத்தில் உரசித் துன்புறுத்தல், குழந்தைகள்பால் இச்சை கொள்ளல் முதலியவை பட்டியலில் நீடிக்கின்றன. கோடு எங்கே இழுக்கப்பட்டிருக்கிறதென்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். விருப்பம் விசித்திரமா, அன்றா என்பது இன்று கேள்வியன்று. மற்றொருவரின் சம்மதம் மீறப்படுகிறதா என்பதே கேள்வி.

முத்துச் சல்லடை

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். அந்நாட்களில் முத்து வியாபாரிகள் பல அளவுத் துளைகளையுடைய பித்தளைச் சல்லடைகளை வைத்திருந்தார்கள். ஒன்றில் தங்குவது மற்றொன்றில் விழும். இவ்வாறு பல முறை சலித்து, அதன் பின்னரும் கண்ணால் பார்த்து, உருண்டையும் ஒளியும் நோக்கித் தரம் பிரிப்பார்கள். ஒரே சல்லடையில் எல்லாவற்றையும் கொட்டி ஒரே விலை கூறுபவனை எவரும் வியாபாரி என்று மதித்ததில்லை. மனிதரைத் தரம் பார்க்கப் புகுவோருக்கு முத்தைப் பார்ப்போருக்குரிய பொறுமையாவது வேண்டாமா?

மறுபால் உடை என்ற ஒரு புறத்தோற்றத்துக்குள் குறைந்தது நான்கு வேறு பொருள்கள் உள்ளன. முதலாவது, நேர்த்தியாலும் நடிப்பாலும் தொழிலாலும் அணியும் வேஷம். குலசைக் காளியும் மேடை வள்ளியும் இவ்வகை. வேஷம் கலைந்ததும் மனிதர் பழைய மனிதரே. இரண்டாவது, அடையாளம். உடலால் ஆணென்று எழுதப்பட்டு, உள்ளத்தால் பெண்ணாக வாழும் திருநங்கைக்குச் சேலை வேஷமன்று. அவள் அதற்கு முன் உடுத்தியிருந்த வேஷ்டியே வேஷம். மூன்றாவது, எவ்வித அடையாள மாறுதலுமின்றி, மன அமைதிக்காகவோ ஆசைக்காகவோ தனிமையில் மறுபால் உடை அணிவோர். இவர்களில் பெரும்பாலோர் பிறருக்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. நான்காவது, அந்த ஆசையினாலேயே அலைக்கழிந்து, குற்றவுணர்ச்சியால் வாடி, உதவி வேண்டுமென்று தாமே வைத்தியரை நாடுவோர். வைத்தியத்துக்கு இடமுள்ளது இந்த நாலாவது வகையில் மாத்திரமே. அங்கும் சிகிச்சை வேதனைக்கே யன்றி, உடைக்கன்று.

இந்நான்கையும் குழப்புவதனால் இரு பக்கமும் நஷ்டம். நோயில்லாதவர் நோயாளியாகிறார், உண்மையில் உதவி தேவைப்படுபவர் அவமானத்துக்கு அஞ்சி ஒளிந்துகொள்கிறார். இவற்றைவிடக் கொடிய மூன்றாவது நஷ்டமும் உண்டு. ‘பிறழ்ச்சி’ என்ற ஒரே கூடையில் சேலையணிந்தவரையும் குழந்தையைக் கெடுத்தவனையும் சேர்த்துப் போடும்போது, பின்னவனுடைய குற்றம் ஒரு ‘வியாதி’யின் நிழலில் பதுங்கிவிடுகிறது. குழந்தைகளைக் காக்க 2012-இல் போக்ஸோ சட்டம் வந்தது. ஒளிந்து பார்த்தல் 2013-இல் தனிக் குற்றமாக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய ஸன்ஹிதையின் 77-ஆம் பிரிவில் அது இடம் பெற்றிருக்கிறது. அந்தக் குற்றவாளிக்கு வைத்தியப் பெயர் ஒன்று இருக்கலாம்; அது தண்டனையினின்று தப்பும் வழியாகிவிடலாகாது. குற்றத்துக்கு ஆளானவர் உண்டு என்பதுதான் அங்கே முக்கியம். உடைக்கு ஆளானவர் எவருமில்லை.

கல்லூரியும் நீதிமன்றமும்

உலகம் இவ்வாறு நகர்ந்திருக்க, நம் வைத்தியக் கல்லூரிகளில் யாது நடந்தது? சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் மாதத்தில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தார். தமக்கு இவ்விஷயத்தில் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் பாடம் கேட்ட பின்னரே அவர் தீர்ப்பெழுதினார். ஒருவரின் பால்விருப்பத்தையோ அடையாளத்தையோ ‘வைத்தியம்’ செய்து மாற்ற முயல்வதை அவர் தடுத்தார். பின்னர் வந்த உத்தரவுகள் வைத்தியப் பாடங்களிலுள்ள அறிவியலுக்கு ஒவ்வாத பகுதிகளைத் திருத்தும்படி பணித்தன. இத்தகைய மாற்று ‘வைத்தியம்’ தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது.

இத்தனைக்குப் பிறகும், அதே ஆணையம் 2024 ஆகஸ்டு இறுதியில் வெளியிட்ட பாடத்திட்டத்தில், சட்ட வைத்தியப் பகுதியில், நீக்கப்பட்டிருந்த பழைய சொற்கள் மீண்டும் தலைகாட்டின. டிரான்ஸ்வெஸ்டிஸம், ஒளிந்து பார்த்தலோடும் பிணத்தின்மேல் இச்சையோடும் ஒரே வரியில் ‘பாலியல் வக்கிரங்கள்’ என்று நிறுத்தப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் செப்டம்பர் 5-ஆம் தேதி அத்திட்டம் வாபஸ் வாங்கப்பட்டது. வாபஸ் வாங்கியது நன்றே. ஆயினும் உலகப் பட்டியலினின்று நீங்கிய சொல் நம் மாணவர் பாடத்தில் மறுபடி நுழைவதற்கு வழி எங்கே இருந்தது என்பதை யோசிக்க வேண்டும். பழைய புஸ்தகத்தைப் பார்த்துப் புதிய புஸ்தகம் எழுதும் சோம்பலே அவ்வழி. நாளை போலீஸ் சர்ஜனாகவும், நீதிமன்றத்தில் சாட்சியாகவும் நிற்கப்போகிற இளைஞன் கையில் அந்த ஏட்டைக் கொடுப்பது சிறு விஷயமன்று.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் கல்லூரிகளைவிட வேகமாக நடந்திருக்கின்றன. 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட் வழங்கிய நால்ஸா தீர்ப்பு, தன் பாலினத்தைத் தானே அறிவித்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டென்றும், அதை உடையாலும் பேச்சாலும் நடத்தையாலும் வெளியிடுவது அரசியல் சட்டத்தின் 19-ஆம் விதி அளிக்கும் சுதந்திரத்தில் அடங்குமென்றும் கூறியது. 1871-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமென்ற அதே உடை, 2014-இல் உரிமையாயிற்று.

தூத்துக்குடிக்கு இதில் தனிப் பெருமை ஒன்றுண்டு. 2018 அக்டோபர் 31-ஆம் தேதி, தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் மணம் புரிந்துகொண்டனர். பதிவு அதிகாரிகள் அதைப் பதிய மறுத்தனர். இந்து விவாகச் சட்டத்திலுள்ள ‘மணமகள்’ என்ற சொல் யாரைக் குறிக்கும் என்பதே வழக்கின் சாரம். மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22-ஆம் தேதி, அச்சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்து, விவாகத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டார். சொற்கள் காலத்தோடு வளரத் தக்கவை என்ற கொள்கையை அவர் நிலைநாட்டினார். இருபாலுக்கும் இடைப்பட்ட உடலமைப்போடு பிறக்கும் சிசுக்களுக்கு அவசியமின்றிச் செய்யப்படும் அறுவைகளைத் தடுக்கவும் அத்தீர்ப்பு பணித்தது. தமிழக அரசு அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அதற்கு உத்தரவு பிறப்பித்தது. ஒரு துறைமுக நகரத்துத் தம்பதி ஒரு சொல்லின் பொருளுக்காகப் போராடியதன் பலன், அவர்கள் அறியாத குழந்தைகளுக்கும் கிட்டியது.

தமிழில் என்ன சொல்வது?

பழந்தமிழில் இவ்விஷயத்துக்குச் சொல் இல்லாமலில்லை. தொல்காப்பிய இலக்கணம் ‘பேடி’ என்ற பெயருக்கு உயர்திணையிலேயே இடம் கொடுத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களில் காமனுடைய பேடியாடலும் ஒன்று. பிற்காலத்தில் ‘அலி’ முதலிய சொற்கள் ஏளனத்தில் தோய்ந்துவிட்டன. ‘திருநங்கை’ என்ற சொல் வந்து நிலைத்தது இந்நூற்றாண்டில். 2008-இல் தமிழக அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2022-இல், உயர்நீதிமன்றத்தின் பணிப்பின்பேரில், பாலினமும் பால்விருப்பமும் பற்றிய தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை அரசு வெளியிட்டது. பெயர் மாறியதோடு மதிப்பும் சிறிது மாறியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகையால் தமிழில் எழுதுவோர் சில நியமங்களைக் கைக்கொள்ளலாம். உடையை மட்டும் குறிக்க வேண்டின் ‘மறுபால் உடை’ என்றே சொல்லுக. அதில் நோயுமில்லை, வசையுமில்லை. அடையாளத்தைக் குறிக்க வேண்டின் திருநங்கை, திருநம்பி, திருநர் என்ற சொற்கள் இருக்கின்றன. வைத்தியர் ஆராய்ந்து முடிவு செய்த ஒரு வேதனையைக் குறிக்க மட்டுமே நோய்ப்பெயரை வழங்குக. அதுவும் நோயாளியின் பெயரோடு அச்சேறலாகாது. குற்றத்தைக் குற்றத்தின் பெயராலேயே அழைக்க வேண்டும். ‘வக்கிரம்’, ‘விபரீதம்’ என்ற சொற்களை உடையைப் பற்றி எழுதும்போது தூர எறிந்துவிடுவது பத்திரிகைகளுக்கு அழகு.

செய்ய வேண்டுவது

“இப்படியெல்லாம் இடங்கொடுத்தால் ஒழுக்கம் கெட்டுவிடாதா?” என்று பெரியவர்கள் கேட்கக் கூடும். அவர்கள் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் ஒழுக்கம் கெடுவது ஒருவன் உடுத்தும் துணியிலா, அன்றி அவனை வீட்டைவிட்டு விரட்டும் செயலிலா? படிப்பும் வேலையும் மறுத்து, பிச்சைக்கும் இழிதொழிலுக்கும் ஒருவரைத் தள்ளிவிட்டு, பிறகு அவர் நிலையைக் காட்டியே அவரைப் பழிப்பது எந்த தர்மம்? இடங்கொடுத்தால் விளைவதென்ன என்பதற்கும் இம்மாவட்டமே விடை கூறுகிறது. கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் 2020-இல் திருநங்கையர் மாடு வளர்த்துப் பால் கறந்து விற்கும் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நாட்டில் இத்தகையதில் முதலாவது என்று அது பேசப்பட்டது. தூத்துக்குடி மண்ணின் புதல்வியான கிரேஸ் பானு, தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கையாக 2014-இல் இடம் பெற்று, பின்னர் தம்மவர்களின் இடஒதுக்கீட்டுக்காகப் போராடி வருகிறார்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. மகன் அக்காளின் தாவணியை எடுத்துக் கட்டிக்கொண்டதைக் கண்டால், அடிக்கக் கை ஓங்க வேண்டாம். பேய் ஓட்டுவோரிடமும், ‘மாற்றித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் போலி வைத்தியரிடமும் கொண்டு செல்ல வேண்டாம். அது விளையாட்டாயிருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம், காலமே சொல்லும். பிள்ளை வேதனைப்படுகிறானானால், நேர்மையான மனோவைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வேதனைப்படவில்லையானால், நீங்கள் அவனுக்கு வேதனை உண்டாக்காதிருந்தால் போதும். வைத்தியருக்கு ஒரு வார்த்தை. ஏட்டில் நீங்கள் எழுதும் ஒரு பெயர் ஒருவர் ஆயுள் முழுவதும் அவரைத் தொடரும். புதிய பட்டியலைப் படித்த பின் எழுதுங்கள். போலீஸாருக்கு ஒரு வார்த்தை. சேலையணிந்து தெருவில் நடப்பவரை மறிக்க உங்களுக்கு எந்தச் சட்டமும் அதிகாரமளிக்கவில்லை. அவரைச் சீண்டுபவனைப் பிடிக்கவே அதிகாரமுண்டு.

துறைமுகத்தில் இறங்கும் சரக்கை நாம் சோதித்துத்தான் ஏற்றுக்கொள்கிறோம். பழுதானதைத் திருப்பியனுப்புகிறோம், காலாவதியானதைக் கடைக்கு விடுவதில்லை. மேல்நாட்டிலிருந்து வந்த இந்தச் சொல்லை, அனுப்பிய நாட்டாரே பழுதென்று திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நாம் மட்டும் அதைப் பத்திரமாகப் பூட்டிவைத்து, நம் மக்களின் மேல் பிரயோகித்துக்கொண்டிருப்பது விவேகமாகாது. சொல்லை அறிந்து வழங்குவோம். மனிதரை மனிதராக மதிப்போம்.